ஊசித்துளை ஆராய்ச்சி: ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பின் ரவுட்டரை ரீசெட் செய்யும் காலம் குறித்து

எங்கள் வீட்டு ரவுட்டர், வரவேற்பறையில் செருப்பு அலமாரிக்கு மேலும் முருகன் காலண்டருக்குக் கீழுமாக வீற்றிருக்கிறது. அதன் முதுகில், மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகே, கடுகு நுழையும் மிளகு நுழையாது என்ற அளவில் ஒரு துளை உண்டு. துளைக்குள்ளே ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இது சின்ன விஷயம் என்று எண்ணுவோர், அதைத் தவறான ஒரு வாரக் கடைசியில் அழுத்திப் பார்க்காதவர்கள்.

சிக்கல் இதுதான். ரவுட்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேரைப் புதிய பதிப்புக்கு அப்டேட் செய்த பின்னர், ஃபாக்டரி ரீசெட் செய்ய வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால் உடனேயா, கோளாறு ஏதாவது தெரிந்த பிறகா? அலுவலகத்தில் நால்வரைக் கேட்டேன். இருவர் கட்டாயம் என்றனர். ஒருவர் கூடவே கூடாது என்றார். நாலாமவர், "அதுக்கு அப்டேட் வேற வருமா?" என்றார். நால்வரில் நிம்மதியாகத் தூங்குபவர் அவரே. ஆயினும் அவர் தூக்கம் பின்னால் கலைக்கப்படும்.

சொல்லாராய்ச்சி

ரவுட்டரைத் திசைவி என்பர் கலைச்சொல்லாளர். நல்ல சொல்தான். ஆனால் "திசைவியில பச்சை லைட்டு எரியல" என்று எந்த வீட்டிலும் யாரும் கத்தி நான் கேட்டதில்லை. என் மனைவி அதை மோடம் என்பாள். மகள் வைஃபை என்பாள். அத்தை, அதாவது மனைவியின் தாயார், நெட்டு டப்பா என்பார். கண்ணில் படுகிற எல்லாவற்றையும் பால் கணக்கு நோட்டில் குறித்துவைக்கும் பழக்கமுள்ள அத்தை, அதிலும் நெட்டு டப்பா என்றே எழுதுவார்.

ஃபர்ம்வேர் என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டு உண்டு. 1967-இல் ஆஷர் ஓப்லர் என்பவர் 'டேட்டாமேஷன்' இதழில் எழுதிய கட்டுரையில் அதைப் புழக்கத்துக்கு விட்டார். ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவே நிற்பதொன்றுக்கு அவருக்குப் பெயர் தேவைப்பட்டது. அன்று அவர் மனத்தில் இருந்தது கணினிச் செயலியின் நுண்கட்டளைகள். செருப்பு அலமாரி மேலிருக்கும் டப்பா அல்ல. நம் பக்கத்தில் விளக்க வேண்டுமானால் கஞ்சி போட்ட வேட்டியைச் சொல்லலாம். துணிதான், ஆனால் நிறுத்திவைத்தால் நிற்கும். மாற்ற வேண்டுமென்றால் மொத்தமாக நனைத்து மறுபடி கஞ்சி போட வேண்டும். நனைத்த பிறகு பாதியில் தண்ணீர் நின்றுபோனால் அன்றைக்கு வேட்டி இல்லை. அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது அத்தகையது. அதனால்தான் அப்டேட் நேரத்தில் பிளக்கைத் தொடாதே என்று எல்லாத் திரைகளும் அலறுகின்றன.

அடுத்து ஃபாக்டரி ரீசெட். பெரும் மயக்கம் இங்கேதான். இதைச் செய்தால் ரவுட்டர், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்தபடியே ஆகிவிடும், போட்ட அப்டேட்டும் போய்விடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். போகாது. பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் ரீசெட் அழிப்பது நாம் செய்துவைத்த அமைப்புகளை மட்டும்: வைஃபை பெயர், பாஸ்வேர்டு, இணைய நிறுவனம் தந்த பயனர் பெயர், என்றோ யாரோ சொல்லிச் சொருகிய போர்ட் எண்கள். ஃபர்ம்வேர் புதிய பதிப்பாகவே இருக்கும். அந்தப் புதிய பதிப்பு தன் மடியில் வைத்திருக்கும் தொடக்க அமைப்புகள் வந்து உட்காரும். 2019-இல் பெட்டி பிரித்த ரவுட்டரில் சென்ற மாதத்து ஃபர்ம்வேரை ஏற்றி ரீசெட் செய்தால், அது போய்ச் சேரும் நிலையை எந்தத் தொழிற்சாலையும் கண்ணால் கண்டதில்லை. பிறந்த வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பியவள் போய் இறங்குகிறாள். அங்கே பழைய வீட்டை இடித்துவிட்டு அபார்ட்மென்ட் கட்டியிருக்கிறார்கள். வாட்ச்மேனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

அறிவும் ஞாபகமும்

ரவுட்டரின் உள்ளே ஃப்ளாஷ் நினைவகச் சில்லு இருக்கிறது. 1980-களில் ஜப்பானின் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கிய தொழில்நுட்பம் அது. சில்லின் ஒரு பெரும்பகுதி ஒரே வீச்சில் அழிவது காமிராவின் ஃப்ளாஷ் வெளிச்சத்தைப் போலிருந்ததால் அந்தப் பெயர் வந்தது. எழுதுவதற்காகச் செய்த பொருளுக்கு அழித்தலை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதை ஆய்வாளர்கள் கவனிக்க.

இந்தச் சில்லை நிலம் போலப் பாகம் பிரித்திருப்பார்கள். தலைமாட்டில், ரவுட்டரை எழுப்பிவிடும் பூட்லோடர். நடுவே பெரிய பாகம், ஃபர்ம்வேர். ஓரத்தில் ஒரு சின்னத் துண்டில் நம் அமைப்புகள். 2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற நீலக்கருப்பு ரவுட்டரை எடுத்துக்கொள்வோம். இத்துறையின் எட்டுத்தொகை அதுதான். தொடக்கப் பதிப்புகளில் மொத்தச் சில்லே 4 மெகாபைட். இன்றைக்கு வாட்ஸாப்பில் வரும் 'இனிய காலை வணக்கம்' வீடியோ ஒன்றுக்கு அது போதாது. அதில் அமைப்புகளுக்கு ஒதுக்கிய இடம் 32 கிலோபைட். அந்த இடத்தில் இருந்தவை வெறும் வரிகள்: ஒரு பெயர், சமக்குறி, ஒரு மதிப்பு. மளிகைச் சிட்டை மாதிரி. அந்த ரவுட்டர் லினக்ஸில் ஓடியது வெளியே தெரிந்து, உரிம நிபந்தனைப்படி 2003-இல் மூலநிரலை வெளியிட வேண்டிவந்தது. அதிலிருந்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேர் கிளைத்தது. அதன் பிறகுதான் சாதாரண மனிதர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் ரவுட்டர்களுக்கு மாற்று ஃபர்ம்வேர் ஏற்றி, மனைவியரிடம் திட்டு வாங்கும் மரபு தொடங்கியது.

அப்டேட் மாற்றுவது நடுவிலிருக்கும் பெரிய பாகத்தை. ஓரத் துண்டைத் தொடுவதில்லை. மாறுவது அறிவு, மாறாதது ஞாபகம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கட்டுரையை வாசிக்காமலேயே தேர்வெழுதலாம்.

பாத்திரத்தைக் கழுவாமல், அடியில் ஒட்டியிருக்கும் நேற்றைய மாவின் மேல் இன்று அரைத்ததைக் கொட்டுகிறோம். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மாவு சற்று வேகமாகப் புளிக்கும், அவ்வளவே. சிலசமயம் பானை முழுதும் போய்விடும். எந்தச் சமயத்தில் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஞாபகம் புளிக்கும் விதங்களை உற்றுப் பார்த்தால், மிக எளியது பெயர் மாற்றம். சென்னையில் வீட்டு வாசல்களில் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாநகராட்சி எண்ணை மாற்றியது, தபால்காரரின் ஞாபகம் மாறவில்லை. புதிய ஃபர்ம்வேர் ஓர் அமைப்புக்கு வேறு பெயர் வைத்திருக்கும். ஓரத் துண்டில் பழைய பெயரில் கடிதம் கிடக்கும். யாரும் பிரிக்க மாட்டார்கள். 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்டபிள்யூஆர்டி 21.02 பதிப்பில் இது பெரிய அளவில் நடந்தது. சில வகை ரவுட்டர்களில், கேபிள் சொருகும் வாய்களை அடையாளம் காணும் முறையையே மாற்றினார்கள். முன்பு எல்லா வாய்களுக்கும் கூட்டுக்குடும்பம் போல ஒரே பெயர், உள்ளே எண் மட்டும் வேறு. மாற்றத்துக்குப் பிறகு ஒவ்வொரு வாய்க்கும் தனிக்குடித்தனம், தனிப் பெயர். பழைய அமைப்புகளோடு அந்த ரவுட்டர்களை அப்டேட் செய்யப் போனால் மென்பொருளே மறுத்துவிடும்படி வைத்திருந்தார்கள். இத்தனை நேர்மையான ஃபர்ம்வேர் கிடைப்பது அபூர்வம். மற்றவை பேசாமல் ஏற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் பழிவாங்கும்.

இன்னொரு விதம் நுட்பமானது. புதிய பதிப்பில் நல்ல வசதி ஒன்று வந்திருக்கும். உதாரணமாக, 2018-இல் அறிவித்த டபிள்யூபிஏ-3 என்ற பாதுகாப்பு முறை. புதிதாக வாங்குபவர் வீட்டில் அது தானாகவே இயங்கலாம். நம் வீட்டில் பழைய சிட்டையில் 'டபிள்யூபிஏ-2' என்று எழுதியிருப்பதால், ஐயா ஆசைப்பட்டது இதுதான் என்று ரவுட்டர் விட்டுவிடும். கோளாறு எதுவும் கண்ணில் படாது. அப்டேட் போட்டாகிவிட்டது என்ற திருப்தி நமக்கு, பழையபடியே ஓடும் நிம்மதி அதற்கு.

கட்சிகள்

இவ்விடயத்தில் இரு பெருங்கட்சிகள் உள.

முதற்கட்சியாரை அழிப்பர் எனலாம். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பின்னும் ரீசெட் செய்து, எல்லாவற்றையும் கையால் மறுபடி நிரப்ப வேண்டும் என்பது அவர்கள் கோட்பாடு. பொங்கல் முடிந்த மறுநாள் போகி கொளுத்தச் சொல்லும் கட்சி. இவர்களுள் தீவிரர் டிடி-டபிள்யூஆர்டி என்ற இன்னொரு மாற்று ஃபர்ம்வேரின் பயனர்கள். முப்பது-முப்பது-முப்பது என்றொரு சடங்கு அவர்களிடம் வழங்கிவந்தது. ரீசெட் பொத்தானை முப்பது விநாடி அழுத்த வேண்டும். விரலை எடுக்காமல் மின்கம்பியைப் பிடுங்கி மேலும் முப்பது விநாடி. அப்போதும் விரலை எடுக்காமல் கம்பியைச் சொருகி இன்னொரு முப்பது. ஒரு கையால் ஊசி, ஒரு கையால் கம்பி, கடிகாரத்தைப் பிடிக்க யார் கை என்று அந்த மரபு சொல்லவில்லை. மொத்தம் தொண்ணூறு விநாடி. ஒரு நாழிகை 24 நிமிடமாகையால், இது பிசகில்லாமல் அதில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது வீசம் நாழிகை. மாகாணி என்றும் சொல்லலாம். நம் முன்னோர் இதற்கென்றே பின்ன வாய்பாடு வைத்திருந்தனர் என்று நிறுவ எனக்கு ஆசைதான். ஆனால் பின்னாளில் வந்த ஏஆர்எம் வகைச் செயலி ரவுட்டர்களுக்கு இந்தச் சடங்கு ஆகாது என்று டிடி-டபிள்யூஆர்டி தரப்பே எச்சரித்துவிட்டதால், அந்த ஆய்வேடு கருவிலேயே நின்றது. சாதாரண ரவுட்டருக்குப் பத்து விநாடி அழுத்தினால் பெரும்பாலும் போதும். எல்லா விளக்கும் ஒருசேரக் கண்சிமிட்டும்.

இரண்டாம் கட்சியார் விடுப்பர். இவர்கள் வாதம் எளிது, வலுவானது. இப்போதைய ரவுட்டர்கள் பல, விடியற்காலை மூன்று மணிக்குத் தாமே அப்டேட் ஆகிக்கொள்கின்றன. ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச எழுந்தவருக்கு அதெல்லாம் தெரியாது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் ரீசெட் தேவையென்றால் அந்தத் தெருவே காலையில் ஊசியோடு நிற்க வேண்டுமே? ரவுட்டரைச் செய்தவர்கள் பழைய சிட்டையைப் புதிய சிட்டையாக மாற்றிக்கொள்ளும் நிரலையும் சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள்.

அஃதேல், ரீசெட்டே வேண்டாவோ எனின், அற்றன்று. அந்த மாற்று நிரல் நேற்றைய பதிப்பிலிருந்து இன்றையதற்கு வருவோரை நினைத்து எழுதியது. மூன்று ஆண்டு தூங்கிவிட்டுப் பன்னிரண்டு பதிப்புகளைத் தாண்டிக் குதிப்பவரை யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். கம்பெனி ஃபர்ம்வேரிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டிக்கோ, அங்கிருந்து திரும்பியோ, குலம் மாறிப் போகிறவர் கட்டாயம் ரீசெட் செய்ய வேண்டும். ஒரு குலத்தின் சிட்டை இன்னொன்றுக்குப் புரியாது. புதிய பதிப்பு பிடிக்காமல் பழையதற்கே இறங்குகிறவரும் செய்ய வேண்டும். முன்னே போவதற்காவது மாற்று நிரல் உண்டு; பின்னே போவதற்குப் பெரும்பாலும் கிடையாது. பேரன் எழுதிய குறிப்பைத் தாத்தாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது அது. வெளியீட்டுக் குறிப்பில் ரீசெட் செய்யவும் என்று எழுதியிருந்தால் வாதமே வேண்டாம். எழுதினவருக்குத் தான் எதை உடைத்தோம் என்று தெரியும். இவை தவிர்த்த அன்றாட அப்டேட்டுக்கு, கோளாறு தெரியாத வரை ஊசியைப் பெட்டியில் வைக்கவும்.

கோளாறு தெரிந்தாலும் உடனே குத்தக் கூடாது. அப்டேட் ஆனதும் அமைப்புப் பக்கம் எழுத்துகள் கலைந்து, பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றால், பழி ரவுட்டருடையதல்ல. நம் பிரவுசர் பழைய பக்கத்தைச் சேமித்துவைத்துக் காட்டுகிறது. அந்தச் சேமிப்பை நீக்கினால் சரியாகும். வேகம் குறைந்தால் கம்பியைப் பிடுங்கி ஒரு நிமிடம் விட்டுச் சொருக வேண்டும். அதன் பின் ஒரு காபி. ஒருநாள் பொறுத்தும் டிவி அரைமணிக்கொருதரம் அறுந்தால் அப்போது துளையைப் பற்றி யோசிக்கலாம்.

ஐயப்பாடு

எல்லாம் நன்றாக ஓடுகையிலும் ரீசெட் செய்தே தீர வேண்டிய ஓர் இடம் உண்டு. நாலாமவரின் தூக்கம் கலைய வேண்டியது இங்கே.

2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் அம்பலமானது. குறைந்தது 54 நாடுகளில் 5,00,000 கருவிகளாவது தாக்குண்டிருக்கும் என்று சிஸ்கோவின் டாலோஸ் குழு கணக்கிட்டது. அமெரிக்காவின் எஃப்பிஐ, எல்லோரும் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது. ஓர் உளவுத் துறை, "ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க சார்" என்று ஊருக்கே சொன்னது அநேகமாக அந்த ஒருமுறைதான் இருக்கும். ஆனால் அந்த நிரல் மூன்று படிகளாகக் கட்டப்பட்டிருந்தது. அணைத்துப் போட்டால் மேல் இரண்டும் போகும், முதற்படி உள்ளேயே குந்தியிருக்கும். அதைக் கிளப்ப ரீசெட் தேவைப்பட்டது.

இதைவிட நம் ஆய்வுக்கு நெருக்கமானது 2025-இல் வந்தது. ஆசுஸ் ரவுட்டர்கள் சுமார் 9,000-இல் யாரோ கள்ளச்சாவி செய்துவைத்திருப்பதைக் கிரேநாய்ஸ் நிறுவனம் அந்த ஆண்டு மே மாதம் வெளியிட்டது. புகுந்தவர்கள் தீநிரல் எதையும் வைக்கவில்லை. ரவுட்டரிலேயே இருக்கும் ஒரு முறையான வசதியைத் திறந்து, தங்கள் சாவியை அமைப்பாக எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். எழுதிய இடம் அந்த ஓரத் துண்டு. ஓட்டையை அடைக்கும் அப்டேட்டைப் பிறகு போட்டாலும், அது அமைப்புகளைப் பத்திரமாகக் காப்பாற்றி வைக்குமல்லவா? திருடனின் சாவியையும் சேர்த்துக் காப்பாற்றியது. பூட்டை மாற்றினோம், பழைய சாவிக்கொத்து ஒன்றுக்கும் பொருந்தும்படியே மாற்றினோம். புகுந்திருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அப்டேட் போட்டு, ரீசெட் செய்து, எல்லாவற்றையும் கையால் நிரப்புவதே வழி.

கையால் என்பதை அடிக்கோடிடுகிறேன். ஏனெனில் சாமர்த்தியசாலிகள் ரீசெட்டுக்கு முன் அமைப்புகளை பேக்கப் எடுத்து, ரீசெட் முடிந்ததும் அந்தக் கோப்பையே திரும்ப ஏற்றிவிடுகிறார்கள். குளித்துவிட்டு வந்து அதே சேற்றைப் பூசிக்கொள்வது. புளித்த மாவை வேறு பாத்திரத்தில் எடுத்துவைத்து, பானையைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அதையே ஊற்றுவது. பேக்கப் வேண்டாமென்று சொல்லவில்லை. ரீசெட் செய்தது பிழை என்று தெரிந்தால் திரும்பி வர அது உதவும். நிரப்புவதற்கு, அமைப்புப் பக்கங்களை மொபைலில் படமெடுத்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்து எழுதுவதே மேல். இதில் ஒரு தந்திரம் உண்டு. வைஃபைக்கு அதே பழைய பெயரையும் அதே பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டால் டிவி, பிரிண்டர், வாசல் காமிரா, மாடி வீட்டுக்காரர் மகன் எல்லோரும் ஒன்றும் நடக்காததுபோலத் தாமே வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

கருவிகள்

இத்துளைக்குரிய ஊசி இன்னதென்று எந்தக் கையேடும் தெளிவாகச் சொல்வதில்லை. பேப்பர் கிளிப் என்பார்கள். நம் வீடுகளில் பேப்பர் கிளிப் எங்கே இருக்கிறது? குண்டூசி உள்ளே போகும், தலை விரலைக் கிழிக்கும். பல்குத்தும் குச்சி நாலாம் விநாடியில் முறிந்து உள்ளே தங்கும்; அதை எடுக்க ஒரு குண்டூசி வேண்டும். மொபைலோடு வந்த சிம் ஊசி மிகப் பொருத்தமானது. ஆகவே அது தேவைப்படும் நாளில் கிடைக்காது. புடவை ஊக்கை நேராக்கிப் பயன்படுத்தினேன். ஊக்கின் உரிமையாளர் இந்தப் பத்தியை வெளியிட ஒப்புதல் தரவில்லை.

களப்பணி

ஆய்விடம்: நங்கநல்லூர், எங்கள் வீடு. காலம்: வெள்ளி மாலை ஆறரை. மூன்று ஆண்டுகளாகத் தொடாத ஃபர்ம்வேரை அன்று அப்டேட் செய்தேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. சனிக்கிழமைக்குள் டிவி ஐந்து முறை அறுந்தது. அணைத்துப் போட்டேன், காபியும் குடித்தேன். மேலே வகுத்த விதிகளின்படி எல்லாமே ரீசெட்டை நோக்கிக் கைகாட்டின. விதிகளில் அன்று இல்லாமற்போன ஒன்றும் இருந்தது. அதை இப்போது சேர்க்கிறேன். குத்துவதற்கு முன், இணைய இணைப்பின் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கையிலிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. எங்கள் ஃபைபர் இணைப்பில் ரவுட்டர் ஒவ்வொரு முறையும் நிறுவனத்தின் வாசலில் போய்த் தன் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி நுழைகிறது. பிபிபிஓஇ என்று பெயர். 1999-இல் எழுதப்பட்ட நெறிமுறை. சில நிறுவனங்கள் தூரத்திலிருந்தே இவற்றை ரவுட்டருக்குள் ஏற்றிவிடும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. 2019-இல் இணைப்புக் கொடுக்க வந்த லைன் தம்பி தன் கையால் தட்டிவிட்டுப் போனதுதான். அது இருந்த ஒரே இடம் அந்த ஓரத் துண்டு. ஊக்கைச் சொருகிப் பத்து வரை எண்ணினேன். விளக்குகள் ஒருசேரக் கண்சிமிட்டின. என் வாழ்நாளில் ஒரு பொருளை இவ்வளவு முழுமையாக நான் அழித்ததில்லை.

அதன்பின் கல்வெட்டாய்வு. ரவுட்டரைக் கவிழ்த்தால் அடிப்பாகத்தில் ஒரு ஸ்டிக்கர் உண்டு. உள்ளே நுழையும் முகவரி 192.168 என்று தொடங்குவது மட்டும் துலக்கமாகத் தெரிந்தது. அது 1994 முதல் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் பொதுவாக விடப்பட்ட புறம்போக்கு. ஊருலகத்தில் கோடிக்கணக்கான ரவுட்டர்களுக்கு அதே கதவிலக்கம். கீழே வைஃபை பாஸ்வேர்டு இருந்த இடத்தில் மூன்று வருடத் தூசும் ஒருநாள் சிந்திய டீயும் படிந்து எழுத்து சிதைந்திருந்தது. மூன்றாம் எழுத்து ஆங்கில ஓவா, பூஜ்யமா என்பதில் எனக்கும் மகளுக்கும் பாடபேதம். பேரெழுத்துச் சூழலில் பூஜ்யம் வருவது மரபன்று என்றேன். அவள் பூஜ்யம் போட்டுப் பார்த்தாள், திறந்தது. உள்ளே போனால் பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்டு இரண்டு வெற்றுக் கட்டங்கள்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில், என் அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண் குரல் நாற்பது நிமிடம் சொன்னது. கடைசியில் ஒரு மனிதர் வந்து, பாஸ்வேர்டைத் தொலைபேசியில் சொல்ல முடியாது, ஆள் வருவார் என்றார். எப்போது? திங்கட்கிழமை. லைன் தம்பியின் எண் என் மொபைலில் இருந்தது; அவர் இப்போது வேறு வேலையில் இருக்கிறார். ஆனாலும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எதுக்கு சார் ரீசெட் பண்ணீங்க?" இத்துறையில் இதுவரை எழுப்பப்பட்டவற்றுள் ஆகச் சிறந்த ஆய்வு வினா அது. என்னிடம் விடை இருந்தது. நான் ஓரத் துண்டு, மூன்று ஆண்டுப் பாய்ச்சல் என்று ஆரம்பித்தபோது, வண்டி ஓட்டுகிறேன் சார் என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு முழுவதும் மனைவியின் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் குடும்பம் நடந்தது. ஒருநாள் டேட்டா ஒன்றரை ஜிபி. காலை பத்தரைக்குத் தீர்ந்தது.

மாலையில் அத்தை சீரியல் வராத டிவி முன் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு, "என்ன மாப்பிள்ளை, நெட்டு டப்பாவுக்கு ஏதோ நம்பர் வேணும்னு அலையறீங்களாமே?" என்றார். சமையலறைக்குப் போய்ப் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து பால் கணக்கு நோட்டுகளில் ஒன்றை எடுத்துவந்தார். மேலட்டையில் 2019 என்று இருந்தது. ஜூலை மாதம், பதினேழாம் பக்கம். ஆவின் பச்சை இரண்டு, தயிர் ஒன்று, அதற்குக் கீழே லைன் தம்பி சொல்லச் சொல்ல எழுதிய ஆங்கில எழுத்துகள், பூஜ்யத்துக்கு நடுவில் குறுக்குக் கோடு போட்டு. அதற்கும் கீழே, தமிழில், இரண்டு முறை அடிக்கோடிட்டு: "பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அதுல மாப்பிள்ளை எதையும் விட்டுக் குத்தாம பாத்துக்கச் சொன்னான்."